துளை போடாமல் காரில் ஹாம் ரேடியோ பொருத்துவது எப்படி

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம்களுக்கு உரிமத்தோடு வரும் அடையாளப் பெயர்தான் கால் சைன். அது கைக்கு வந்ததும் பலருக்கு அடுத்து வரும் ஆசை, காரில் ஒரு ரேடியோ செட் வைக்க வேண்டும் என்பது. நியாயமான ஆசைதான். கையடக்க செட்டின் 5 வாட்டும் குட்டை ரப்பர் ஆன்டெனாவும் காரின் இரும்புக் கூட்டுக்குள் பாதி அடைபட்டுப்போகும். அதே இடத்தில் 50 வாட் மொபைல் செட்டும் கூரைமேல் ஒரு ஆன்டெனாவும் இருந்தால், அதுவரை கரகரத்த ரிப்பீட்டர் (நம் ஒலியை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) தெளிவாகக் கேட்கும், நம் குரலும் அங்கே போய்ச் சேரும். தயக்கமெல்லாம் டிரில் மெஷினை நினைத்துத்தான். வீட்டில் எல்லோரும் ஓட்டும் வண்டி, இன்னும் தவணை முடியாத வண்டி, அலுவலகம் கொடுத்த வண்டி. இதில் போய் ஓட்டை போடுவதா?

போட வேண்டாம். தகட்டில் துளையிட்டால் அந்த விளிம்பில் பெயின்ட் போய்விடும். மழைக்காலம் ஒன்று கடந்தால் அங்கே துரு ஏறும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். டேஷ்போர்டுக்குப் பின்னால் எந்த இடத்தில் ஏர்பேக் வயர் ஓடுகிறது, தரைக்குக் கீழே எங்கே பெட்ரோல் குழாய் போகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. நாளை வண்டியை விற்கும்போதும் அந்தத் துளை விலையைக் குறைக்கும். எல்லா வண்டியிலும் கம்பெனியே போட்டு அனுப்பிய போல்ட், ஸ்க்ரூ, ரப்பர் அடைப்பு, இடுக்கு எல்லாம் போதுமான அளவு இருக்கின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துளை இல்லை என்பதற்காகப் பிடிமானத்தில் சமரசம் கூடாது. மொபைல் செட் ஒன்று ஏறத்தாழ 1 முதல் 1.5 கிலோ இருக்கும். மோதலில் வண்டி புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு வேகத்தளர்ச்சி அடைந்தால், அந்த 1.5 கிலோ பெட்டி 30 கிலோ எடையின் விசையோடு முன்னால் பாயும். அதன் பாதையில் இருப்பது உங்கள் குடும்பத்தின் தலை. ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் ‘கழற்ற எளிதா?’ என்று பார்ப்பதற்கு முன் ‘பறக்காமல் நிற்குமா?’ என்று பாருங்கள்.

உரிமம்

செட்டை வாங்கும் முன்பே உரிமம் இருக்க வேண்டும். இந்தியாவில் ரேடியோ அலைவரிசைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு ஹாம்களுக்காக நடத்தும் ஏ.எஸ்.ஓ.சி. தேர்வில் தேறி, உரிமம் பெற்று, உங்களுக்கென்று கால் சைன் வந்த பிறகே ஒலிபரப்பலாம். விஹெச்எஃப் எனும் மிக உயர் அலைவரிசையில் நமக்கான பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. காரிலிருந்து இயக்குவதற்கு உங்கள் உரிமத்தில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்பதை வரிவரியாகப் படித்துவிடுங்கள். அதன் நகல் ஒன்று ஆர்.சி. புத்தகத்தோடு வண்டியிலேயே இருக்கட்டும். சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்கு இந்தப் பெட்டி என்னவென்று தெரியாமல் இருக்கலாம். காகிதத்தைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் 2019-இல் செய்த திருத்தம், ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல்தொடர்புக் கருவியை ஆபத்தான ஓட்டுதலின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நகரும் வண்டியில் கேளுங்கள். பேசுவதற்கு ஓரங்கட்டுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் மைக்கைக் கொடுங்கள். செட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போதும் இதை நினைவில் வைத்திருங்கள்.

செட் வாங்கும்போது

முகப்பைத் தனியாகக் கழற்றக்கூடிய செட்டாகப் பார்த்து வாங்குங்கள். இந்த வேலைக்கு இதைவிட உதவுவது வேறில்லை. திரையும் பொத்தான்களும் உள்ள முகப்பு கைக்கு எட்டும் இடத்தில் இருக்க, கனமான உடல் பகுதி சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ போய்விடும். இரண்டையும் ஒரு நீளக் கேபிள் இணைக்கும். யேசு (Yaesu), ஐகாம், கென்வுட் ஆகிய மூன்று கம்பெனிகளிலும் இப்படிப்பட்ட மாடல்கள் உண்டு. சில மாடல்களில் அந்த நீளக் கேபிளைத் தனியாகத்தான் வாங்க வேண்டும் என்பதால் கடையில் கேட்டுவிடுங்கள். மைக் எதில் செருகப்படுகிறது என்பதையும் பாருங்கள். உடலில் செருகுவதாக இருந்தால் மைக்குக்கும் ஒரு நீட்டிப்புக் கேபிள் தேவைப்படும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு மாலை நேரம் டார்ச் எடுத்துக்கொண்டு வண்டியை முழுவதும் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி அடியில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது, பானெட்டைத் திறந்தால் மட்கார்டு ஓரத்தில் எத்தனை போல்ட், டிக்கியில் ஸ்டெப்னி எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ரப்பர் அடைப்பு எங்கே இருக்கிறது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஏர்பேக்’ அல்லது ‘எஸ்.ஆர்.எஸ்.’ என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உடல் பகுதிக்கு இடம்

ஹேட்ச்பேக், செடான் வண்டிகளில் எனக்குப் பிடித்த இடம் ஸ்டெப்னிக்கு மேல்தான். ஸ்டெப்னியின் நடுவில் அதைப் பிடித்திருக்கும் நீள போல்ட் ஒன்று இருக்கும். 12 மி.மீ. பிளைவுட்டை ஸ்டெப்னியின் அளவுக்கு வெட்டி, நடுவில் ஒரு துளை போட்டு (பலகையில் தாராளமாகத் துளை போடலாம்), அந்த போல்ட்டாலேயே சேர்த்து முடுக்குங்கள். செட்டோடு வரும் பிராக்கெட்டைப் பலகையில் திருகிவிட்டால் செட் அசையாது. பஞ்சர் ஆனால் ஒரே போல்ட்டைக் கழற்றிப் பலகையோடு தூக்கி வைத்துவிட்டு சக்கரத்தை எடுக்கலாம். அதற்கேற்றபடி வயரில் ஒரு முழ நீளம் விட்டுவையுங்கள். செட்டின் பின்புறத்தில் உள்ள சூடு வெளியேற்றும் துடுப்புகளைச் சுற்றி விரல் நீள இடைவெளி இருக்க வேண்டும். 50 வாட் வெளியே அனுப்ப செட் 150 வாட்டுக்கு அருகில் இழுக்கிறது. மீதி எல்லாம் சூடுதான்.

ஸ்டெப்னி வண்டிக்கு அடியிலோ பின்கதவிலோ தொங்கும் வண்டிகளில் இது நடக்காது. அங்கே டிக்கியின் தரையில் சாமான் கட்டுவதற்காகக் கொடுத்திருக்கும் கொக்கிகளின் போல்ட்டைப் பயன்படுத்திப் பலகையை நிறுத்தலாம். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். சிலிண்டரின் தாங்கியில் எதையும் பூட்டக் கூடாது, வால்வுக்கு அருகில் வயர் ஓட்டவும் கூடாது.

அடுத்த இடம் முன்சீட்டுக்கு அடியில். கேபிள் நீளம் குறையும் என்பது வசதி. ஆனால் அங்கே மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் அல்லது சீட்பெல்ட் வயர். அதைத் தொடவோ கழற்றவோ கூடாது. பின்சீட்டுக்காரர் கால் வைக்கும் இடம், மழையில் ஈரம் ஊறும் கார்பெட், ஏ.சி. காற்றுக் குழாய் மூன்றையும் தவிருங்கள். சீட்டைக் கடைசிவரை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள்.

சீட்டைத் தரையில் பிடித்திருக்கும் போல்ட்டில் ஒரு தகட்டைச் சேர்த்துப் பூட்டும் வழக்கம் உண்டு. கடையில் அதற்கென்றே பிராக்கெட்டும் கிடைக்கிறது. நான் இதைக் கடைசி வழியாகத்தான் சொல்வேன். அந்த போல்ட் விபத்தில் சீட்டையும் மனிதரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியது. வேறு வழியில்லை என்றால் மெல்லிய எஃகுத் தகடு மட்டும் போட்டு, பழைய போல்ட்டையே பயன்படுத்தி, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்குங்கள். அலுமினியத் தகடு அழுந்தித் தளர்ந்துவிடும், வேண்டாம். இதைவிட இரு சீட்டுக்கும் நடுவிலுள்ள கன்சோலின் ஸ்க்ரூ எவ்வளவோ மேல்.

முகப்பைப் பொருத்துவது

முகப்பு சில நூறு கிராம் மட்டுமே. ஆகவே இங்கே வழிகள் அதிகம். கப் ஹோல்டருக்குள் விரிந்து இறுகும் தண்டு வகை ஸ்டாண்டு நல்ல தேர்வு. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அது தானாகவே கழன்று விழும். ஏ.சி. துவாரத்தில் மாட்டும் கிளிப் போனுக்காகச் செய்தது. முகப்பின் கேபிள் பாரமும் சேர்ந்தால் அந்தப் பிளாஸ்டிக் பட்டை உடையும்.

டேஷ்போர்டில் ஒட்டுவதாக இருந்தால் சாதாரண டபுள் டேப் போதாது, விஹெச்பி (VHB) என்று விற்கும் அக்ரிலிக் நுரை டேப் வேண்டும். அது பிடிப்பதும் விடுவதும் நீங்கள் இடத்தைத் துடைப்பதைப் பொறுத்தது. சர்வீஸ் சென்டரில் பளபளப்புக்காகப் பூசும் டேஷ்போர்டு பாலிஷில் சிலிகான் இருக்கும், அதன்மேல் எந்த டேப்பும் நிற்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். காய்ந்த பிறகு ஒட்டி, கட்டைவிரலால் முழுப் பலத்தோடு 15 விநாடி அழுத்துங்கள். பிறகு 72 மணி நேரம் அதில் எதையும் மாட்டாதீர்கள். அந்த ஒட்டு முழு வலுவை அடைய அவ்வளவு நேரம் ஆகும். சொரசொரப்பான டேஷ்போர்டில் டேப் பிடிப்பது கடினம். வழவழப்பான பட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கழற்றும்போது பிய்த்து இழுக்காமல், ஹேர் டிரையரால் சூடாக்கிப் பல் இடுக்கு நூலால் அறுத்தெடுத்தால் தடம் இருக்காது.

எந்த வழியானாலும் ஏர்பேக் விரியும் இடத்தில் முகப்போ மைக் கொக்கியோ வேண்டாம். பயணி பக்க டேஷ்போர்டின் மேற்பகுதி, ஸ்டியரிங்குக்கு முன்னால், சில வண்டிகளில் ஓட்டுநரின் முழங்காலுக்கு எதிரே, எல்லாமே விலக்கப்பட்ட இடங்கள். மைக் சுருள் வயர் கியர் தடியிலோ ஹேண்ட் பிரேக்கிலோ சிக்காத பக்கமாகத் தொங்கட்டும்.

மின்சாரம்

புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் செட் எரியும், கேட்கும். பேசத் தொடங்கினால் பிரச்சினை வரும். பல வண்டிகளில் அந்தச் சாக்கெட்டுக்கே 120 வாட், அதாவது 10 ஆம்பியர்தான் எல்லை. 50 வாட் செட் பேசும்போது 10 முதல் 13 ஆம்பியர் வரை இழுக்கும். ஃபியூஸ் போகலாம், பிளக் உருகலாம். கையடக்க செட்டை சார்ஜ் செய்ய மட்டும் அந்தச் சாக்கெட் போதும்.

பேட்டரியிலிருந்து நேராக வயர் ஓட்டுங்கள். வயரின் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரியிலிருந்து செட்டுக்கு 4 மீட்டர் என்றால் மின்னோட்டம் போய்த் திரும்ப 8 மீட்டர். 12 ஆம்பியருக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயரில் ஏறத்தாழ 1.6 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 2.5 சதுர மி.மீ.யில் 0.66 வோல்ட், 4 சதுர மி.மீ.யில் 0.4 வோல்ட். டிக்கிவரை போவதானால் 6 சதுர மி.மீ. வாங்குங்கள். செட்டோடு வரும் வயர் போதுமான நீளம் என்றால் அதுவே நல்லது.

வேலை முடியும்வரை ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் வயரில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வர வேண்டும். செட்டுக்கு அருகில் இருக்கும் ஃபியூஸ் செட்டைக் காக்கும். நடுவழியில் வயர் உரசித் தகட்டைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது பேட்டரி அருகில் உள்ள ஃபியூஸ்தான். மதிப்பு செட்டின் கையேட்டில் சொன்னதுதான், கூடுதலாகப் போடாதீர்கள். நெகட்டிவ் முனையின் மேல் சின்னப் பெட்டிபோல ஒரு சென்சார் இருந்தால் (சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும்), செட்டின் நெகட்டிவை அந்த முனையில் மாட்டக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் வயர் பாடியில் வந்து சேரும் போல்ட்டில் மாட்டுங்கள். இல்லையென்றால் செட் இழுக்கும் மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது.

மின்சார, ஹைபிரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றின் அருகே வயர் ஓட்டும் வேலையை அந்த வண்டியில் பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள்.

இனி இன்ஜின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் வருவது. டார்ச் வெளிச்சத்தில் வயர் கட்டு ஒன்று தடித்த ரப்பர் குல்லாய் வழியாக உள்ளே போவது தெரியும். சில ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கிளட்சுக்கான துளை வெறும் ரப்பர் மூடியோடு சும்மாவே இருக்கும். அது கிடைத்தால் அதிர்ஷ்டம். ரப்பர் குல்லாயில் வயர் கட்டுக்குப் பக்கத்திலுள்ள வெற்றுக் காம்பைப் பிளேடால் சின்னதாகக் கீறுங்கள்; கட்டுக்குள் கத்தி போகக் கூடாது. விறைப்பான பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை முதலில் உள்ளே தள்ளி, கேபினில் பெடலுக்கு மேலே அதன் முனையைக் கண்டுபிடித்து, அதில் வயரை டேப்பால் சுற்றிக் கட்டி மெதுவாக இழுங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். பிறகு கீறிய இடத்தில் சிலிகான் பூசுங்கள்.

கேபினுக்குள் வந்த வயர் பெடலுக்கோ ஸ்டியரிங் தண்டுக்கோ அருகில் தொங்கக் கூடாது. கதவின் அடியில் உள்ள பிளாஸ்டிக் பட்டையை விரலால் மேல்நோக்கித் தூக்கினால் கிளிப் விட்டுக்கொடுக்கும். அதன் அடியில் பின்னால்வரை ஒரு வாய்க்கால் இருக்கும். வயரை அதில் படுக்கவைத்து, பட்டையை மறுபடி அழுத்தி மூடுங்கள். இன்ஜின் பகுதியில் வயர் முழுவதும் வளையக் குழாய்க்குள் இருக்க வேண்டும். 20 செ.மீ.க்கு ஒரு கேபிள் டை போட்டு ஏற்கெனவே உள்ள வயர் கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள்.

ஆன்டெனா

145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு) ஆன்டெனா ஏறத்தாழ 49 செ.மீ. மட்டுமே. காரின் கூரைதான் அதன் இன்னொரு பாதி. அதனால் கூரையின் நடுவில் வைத்தால் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். உள்ளே இருப்பவர்களுக்கும் ஒலிபரப்புக்கும் நடுவில் இரும்புத் தகடு மறைப்பாக நிற்கும்.

தொடங்குபவருக்கு மேக்னட் மவுண்ட்தான். இரும்புக் கூரையில் பிடிக்கும். கண்ணாடிக் கூரையிலும் மஹிந்திரா தார் வண்டியின் ஃபைபர் கூரையிலும் பிடிக்காது. வைக்கும் முன் கூரையையும் காந்தத்தின் அடியையும் ஈரத் துணியால் துடையுங்கள். காந்தத்தை இழுத்து நகர்த்தினால் நடுவில் சிக்கிய மணல் பெயின்ட்டைக் கோடு கோடாகக் கிழிக்கும். ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள ஐந்தில்-எட்டு அலை ஆன்டெனாவுக்குச் சின்னக் காந்தம் போதாது, நான்குவழிச் சாலை வேகத்தில் காற்றே பிடுங்கிவிடும்.

நிரந்தரமாக வைக்க விரும்பினால் டிக்கிக் கதவின் விளிம்பைக் கவ்வும் லிப் மவுண்ட், அல்லது மட்கார்டு போல்ட்டில் பூட்டும் எல் வடிவத் தகடு. பானெட்டைத் திறந்தால் ஓரமாக வரிசையாகத் தெரியும் 10 நம்பர் ஸ்பேனர் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றி, லேத் பட்டறையில் 2 மி.மீ. எஸ்.எஸ். தகட்டை வளைத்து வாங்கி அதில் பூட்டலாம். பானெட் மூடும்போது இடிக்கிறதா என்று முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். லிப் மவுண்டில் உள்ள பொடி ஸ்க்ரூக்கள் பெயின்ட்டைத் துளைத்து வெறும் இரும்பைத் தொட்டால்தான் ஆன்டெனாவுக்கு எர்த் கிடைக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை மவுண்டிலும் மற்றதைப் பாடியின் வெற்று போல்ட்டிலும் வைத்தால் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். கூடினால் கதவின் கீல் சரியாகக் கடத்தவில்லை. கதவிலிருந்து பாடிக்கு இருக்கிற போல்ட்டுகளிலேயே ஒரு பட்டைச் செம்பு வலையை இணையுங்கள். மவுண்ட் கடித்த இடத்தில் துரு பிடிக்காமல் கிரீஸ் தடவுங்கள்.

கூரை கேரியரில் பூட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது, அலுமினியக் கேரியர் பெரும்பாலும் பாடியோடு மின்தொடர்பில் இருக்காது. அங்கே எர்த் தேவைப்படாத அரை அலை ஆன்டெனாவை வாங்குங்கள்.

ஆன்டெனாவையும் செட்டையும் இணைக்கும் காக்ஸ் கேபிளைக் கதவு பீடிங் வழியாக உள்ளே கொண்டுவரும்போது டிக்கிக் கதவின் மேல் மூலையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ரப்பர் தடிமனாக இருக்கும், கேபிள் நசுங்காது. பீடிங்குக்கு வெளியே கேபிளை ஒருமுறை கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள் திரை ஏர்பேக் இருந்தால் கேபிள் அதன் முன்னால் குறுக்கிடக் கூடாது. காக்ஸை மின்சார வயரோடு சேர்த்துக் கட்டாமல் வண்டியின் மறு பக்கமாகக் கொண்டுபோவது நல்லது.

சோதனை

ஃபியூஸைப் போடும் முன் செட்டின் முனையில் துருவங்களைச் சரிபாருங்கள். ஆன்டெனா இல்லாமல் ஒருபோதும் மைக்கில் உள்ள பி.டி.டி. எனும் பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள். திறந்த வெளியில் நிறுத்தி, கதவுகளையும் டிக்கியையும் மூடி, ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும், விஹெச்எஃப்புக்கு ஏற்ற எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைச் செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் மாட்டுங்கள். குறைந்த பவரில் 144, 145, 146 மூன்றுக்கும் அருகே, யாரும் பேசாத அலைவரிசைகளில், கால் சைனைச் சொல்லிவிட்டு அளவெடுங்கள். 1.5-க்குள் இருந்தால் நிறைவு. 2-ஐத் தாண்டினால் பேசாதீர்கள். மூன்றிலும் கூடுதலாக இருந்தால் எர்த்தையும் கனெக்டரையும் பாருங்கள். 144-இல் குறைவாகவும் 146-இல் கூடுதலாகவும் இருந்தால் ஆன்டெனாத் தண்டு அதிக நீளமாக இருக்கிறது, மி.மீ. மி.மீ.யாகக் குறைக்க வேண்டும்.

பிறகு முழுப் பவரில், இன்ஜின் ஓட, வண்டியை நிறுத்தியபடியே பேசிப்பாருங்கள். டேஷ்போர்டில் ஏர்பேக், ஏ.பி.எஸ்., இன்ஜின் விளக்குகளில் எதுவும் எரியக் கூடாது. எரிந்தால் பவரைக் குறைத்து, கேபிள் பாதையை மாற்றுங்கள். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் சத்தம் கேட்டால் அது ஆல்டர்னேட்டர். மின்சார வயரில் செட்டுக்கு அருகே இரைச்சலை அடக்கும் ஃபெரைட் கிளிப் மாட்டி, எர்த் போல்ட்டைச் சுரண்டி முடுக்கினால் பெரும்பாலும் தணியும். தொடர்ச்சியான கரகரப்பு என்றால் முதலில் போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.

கடைசியாக ஆள் இல்லாத நேராகச் செல்லும் சாலையில் 30 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்தி, செட்டும் முகப்பும் மைக்கும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்துப் பலகை போல்ட்டையும் எர்த் போல்ட்டையும் மறுபடி முடுக்கி, பத்து நிமிடம் பேசிய கையோடு ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அதன் கிரிம்ப் (வயரை நசுக்கிப் பிடிக்கும் இணைப்பு) சரியில்லை, அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மேக்னட் மவுண்டை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தூக்கி, அடியில் சேர்ந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள்.